மலைப்பாதையில் ஹாரனை மாற்றினால் என்ன மாறும்?

ஏர் ஹாரன் பொருத்திய பேருந்துகளையும் லாரிகளையும் நிறுத்தி, ஹாரன்களைக் கழற்றிப் பறிமுதல் செய்த செய்தி தமிழ்நாட்டின் ஏதாவதொரு மாவட்டத்திலிருந்து அவ்வப்போது வந்துகொண்டேயிருக்கிறது. அதைப் படிக்கும் நீலகிரிக் கார் உரிமையாளர்களுக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. கம்பெனி பொருத்திக் கொடுத்த ஹாரனைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய வேறொன்றைப் போடுவதே குற்றமா என்பது ஒன்று. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாற்றைத் தாண்டி ஏறும்போது எதிரே இறங்கிவரும் வண்டிக்குக் கேட்காத ஹாரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மற்றொன்று. முதல் ஐயத்தைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டாவதைத் தீர்க்க, ஒலி மலையில் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஹாரனுக்குள் நடப்பது

கார்களில் வரும் மின் ஹாரனின் அடிப்படை அமைப்பு எளிமையானது. ஒரு மின்காந்தச் சுருள், அதன் முன்னால் மெல்லிய எஃகுத் தகடு, மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கும் ஒரு தொடுமுனை ஆகியவைதான் அதன் உறுப்புகள். பொத்தானை அழுத்தியதும் சுருள் காந்தமாகித் தகட்டை இழுக்கிறது. தகடு நகர்ந்த வேகத்தில் தொடுமுனை பிரிந்து மின்சாரம் நிற்கிறது. காந்தம் விட்டதும் தகடு துள்ளித் திரும்புகிறது. தொடுமுனை மீண்டும் சேர்கிறது. பழைய மின்சார அழைப்பு மணி வேலை செய்த அதே முறைதான் இது. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது: இங்கே இந்த இழுப்பும் துள்ளலும் நொடிக்கு ஏறத்தாழ 400 முறை நடக்கின்றன. ஹாரனின் முதுகில் இருக்கும் சிறு திருகு இந்தத் தொடுமுனையின் இடைவெளியைச் சரிசெய்வதற்கானது.

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. டிஸ்க் ஹாரன். தட்டையானது. தகட்டின் முன்னால் இன்னொரு தட்டு அதிர்ந்து, அந்த 400 அதிர்வுகள் தரும் அடிச்சுரத்தோடு சேர்த்து 2,000, 3,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) அளவிலான கூர்மையான ஒலியையும் எழுப்புகிறது. மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்கும் எல்லை அதுவாகையால், நெரிசலில் இது பளிச்சென்று கேட்கும். விலை குறைந்த கார் ரகங்களில் பெரும்பாலும் இது ஒன்றே ஒன்று இருக்கும்.

2. நத்தை வடிவ ஹாரன். எக்காளம் போன்ற குழலைச் சுருட்டி வைத்தது. கடைகளில் விண்ட்டோன் என்றும் டிரம்பெட் ஹாரன் என்றும் சொல்வார்கள். ஒலி குழல் வழியாக வருவதால் கூர்மை குறைந்து அடிச்சுரம் ஓங்கி நிற்கும். தாழ்ந்த சுரம் ஒன்று, உயர்ந்த சுரம் ஒன்று என இரண்டாகத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்.

3. ஏர் ஹாரன். அழுத்தப்பட்ட காற்றால் ஒலிப்பது. பேருந்து, லாரிகளில் காற்றுத் தொட்டியிலிருந்தும், கார்களில் தனியாகப் பொருத்தும் சிறு கம்ப்ரசரிலிருந்தும் காற்றை எடுக்கிறார்கள்.

டெசிபல் கணக்கு

ஹாரன் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். எத்தனை மீட்டர் தூரத்தில் அளந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை எண் 28, கழற்றி வைத்த ஹாரனை 2 மீட்டரிலும், வண்டியில் பொருத்திய ஹாரனை 7 மீட்டரிலும் அளக்கச் சொல்கிறது. பொருத்தியபின் கார்களுக்கு 112 டெசிபலுக்கு மிகாமல் இருக்க வேண்டும். இந்தியத் தரக்குறிப்பும் இந்த 7 மீட்டர் அளவீட்டு முறையையே பின்பற்றுகிறது. சில பெட்டிகளில் காணும் 130, 150 என்ற எண்கள் ஹாரனின் வாயருகே அளந்தவையாக இருக்கலாம், அச்சகத்தில் பிறந்தவையாகவும் இருக்கலாம்.

டெசிபல் என்பது கூட்டிக் கழிக்கும் சாதாரண அளவு அன்று. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு. ஆனால் பத்து மடங்கு ஆற்றல் காதில் ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாக மட்டுமே படுகிறது. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. 7 மீட்டரில் 105 டெசிபல் தரும் ஹாரன் 14 மீட்டரில் 99, 28 மீட்டரில் 93, 56 மீட்டரில் 87 ஆகிவிடும்.

மலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஹாரன் சத்தம் குறைந்துவிடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். இருந்தாலும் அதனால் ஏற்படும் இழப்பு 2 டெசிபல் அளவுக்குள் அடங்கிவிடும், காது அதைக் கவனிக்காது. மூடுபனி சத்தத்தை விழுங்குகிறது என்ற நம்பிக்கைக்கும் இங்கே பெரிய ஆதாரமில்லை. ஈரக் காற்றில் கூர்மையான ஒலிகள் வறண்ட காற்றில் போவதைவிடச் சற்று நன்றாகவே பயணம் செய்கின்றன. மூடுபனியில் ஓட்டுநரைக் கைவிடுவது கண்தான்.

வளைவு என்ன செய்கிறது

மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36. எண் பலகை வைத்த இந்த வளைவுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் ஹாரன் என்ற கோணத்திலிருந்து பார்த்தால் கொண்டை ஊசி வளைவு அவ்வளவு மோசமான இடமில்லை. சாலை மடங்கித் திரும்புவதால் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுத்தடுத்து ஓடுகின்றன. சாலை வழியாகத் தூரம் அதிகமானாலும் காற்று வழியாகத் தூரம் குறைவு. கீழே ஏறிவரும் பேருந்தின் உறுமலே மேலே இருப்பவருக்குக் கேட்டுவிடும், மரங்களின் இடையே அதன் கூரையும் தெரிந்துவிடும்.

உண்மையான இடையூறு, மலையின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போகும் எண்ணில்லாத வளைவுகளில் இருக்கிறது. ஒருபுறம் செங்குத்தாக வெட்டிய மண்சுவர், மறுபுறம் பள்ளம், நடுவே ஒன்றரை வண்டி அகலத்தில் சாலை. எதிரே வருபவருக்கும் நமக்கும் நடுவில் மலையே நிற்கிறது. பள்ளத்துக்குள் உள்வாங்கி வளையும் சாலையில் ஓடையின் அக்கரையில் வரும் வண்டியைக் கண்ணால் பார்க்க முடியும். மூக்கு வளைவில் அந்த வசதியும் இல்லை.

இப்படி ஒரு திடமான தடை குறுக்கே நின்றால் ஒலி அதன் விளிம்பில் வளைந்துதான் அப்பால் போயாக வேண்டும். எவ்வளவு வளையும் என்பதை அதன் அலைநீளம் தீர்மானிக்கிறது. 400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். டிஸ்க் ஹாரனின் கூர்மைக்குக் காரணமான 2,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 14 சென்டிமீட்டர்கூட இல்லை. அலை நீண்டிருந்தால் வளைவதும் அதிகம். எனவே, சமவெளி நெரிசலில் கெட்டிக்காரத்தனம் காட்டும் கீச்சுக் குரல் மலை மூக்கைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடுகிறது. கனத்த தாழ்ந்த சுரமே மறுபக்கம் ஓரளவாவது போய்ச் சேர்கிறது. அந்தத் தாழ்ந்த சுரத்துக்கே மலை மூக்கு 15 முதல் 20 டெசிபல் வரை பிடித்துக்கொள்ளும்.

இனி ஒரு தோராயக் கணக்கு. கம்பெனி ஹாரன் 7 மீட்டரில் 105 டெசிபல் தருகிறது என்று கொள்வோம். எதிர் வண்டி 56 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

1. தூரத்தால் 18 டெசிபல் போக, மிச்சம் 87.

2. மலை மூக்கால் 15 டெசிபல் போக, மிச்சம் 72.

3. எதிர் வண்டியில் குளிருக்காகக் கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்கிறது. மூடிய கார் 25 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். ஓட்டுநரின் காதுக்குப் போவது 47.

4. இரண்டாம் கியரில் ஏறும் காருக்குள் இன்ஜின் இரைச்சலும் காற்றாடியின் சத்தமும் சேர்ந்து 65 டெசிபல் அளவில் இருக்கும். ஆக, 47 டெசிபல் ஹாரன் ஒலி அதில் கரைந்துவிடும். பாட்டும் ஓடிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

இப்போது நம் ஹாரனைக் கழற்றிவிட்டு, விதி அனுமதிக்கும் உச்சமான 112 டெசிபல் ஹாரனைப் போடுகிறோம். 7 டெசிபல் கூடுகிறது. உள்ளே கேட்பது 54. அப்போதும் 65-க்குக் கீழேதான். மாறாக, அந்த ஓட்டுநர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கியிருந்தால் 25 டெசிபல் தடுப்பு 5 அளவுக்குச் சுருங்கிவிடும். பழைய ஹாரனே 67 டெசிபலில் காதில் விழும். கண்ணாடியை இறக்குவதால் கிடைக்கும் 20 டெசிபலை ஹாரனை மாற்றியே பெற வேண்டுமென்றால் 7 மீட்டரில் 125 டெசிபல் தேவை. அதற்கு நூறு மடங்கு ஆற்றல் வேண்டும், அது சட்டத்துக்கும் புறம்பு. எதிர் வண்டியின் கண்ணாடி நம் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நம் கண்ணாடி நம் கையில் இருக்கிறது, அவருடைய ஹாரனை நாம் கேட்டாலும் விபத்து தவிரும்.

எதிரொலியின் விளையாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் மோதித் திரும்பும் ஒலி சில இடங்களில் நேர் ஒலியைவிட உரக்கக் கேட்கும். கேட்பவர் வண்டி அக்கரையில் வருகிறது என்றோ பின்னால் வருகிறது என்றோ எண்ணிக்கொள்வார். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடுமே தவிர, திசைக் குழப்பம் தீராது. விட்டுவிட்டு அடிக்கும் இரண்டு சுருக்கமான ஒலிகள், நீளமாக அழுத்திப் பிடித்த ஒலியைவிடத் திசையை நன்றாகக் காட்டும். முதல் ஒலியின் எதிரொலி அடங்கிய பிறகு இரண்டாவது தனியாகக் காதில் விழ வாய்ப்பு இருக்கிறது.

ஒலி வந்து சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது? மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 8.3 மீட்டர். கேட்டு, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால் வண்டி 12 மீட்டருக்கும் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். ஈரச் சாலையில் நிற்க இன்னும் 10 மீட்டர் வேண்டும். இருபுறமும் 30-இல் வந்தால் மொத்தம் 45 மீட்டரில் இருவரும் நின்றுவிடலாம். இருவரும் 40-இல் வந்தால் அந்தக் கணக்கு 69 மீட்டருக்குப் போய்விடுகிறது. 50 மீட்டர் இடைவெளியில் எந்த ஹாரனாலும் அதை ஈடுகட்ட முடியாது. சாலை அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது, அதற்கு முன்பிருந்த 1989-ஆம் ஆண்டு விதிகளிலும் இருந்தது. மே மாதச் சீசனில் சமவெளியிலிருந்து வருபவர்களில் பலர் இதை அறியாமல், இறங்கும்போது ஹாரனை அழுத்திக்கொண்டே ஏறும் வண்டியைப் பின்வாங்கச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் ஹாரனின் அளவு ஒரு பொருட்டே அன்று.

சட்டம் சொல்வது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி ஹாரனுக்கானது. அதன் முதல் பகுதி, ஒவ்வொரு வாகனத்திலும் ஐ.எஸ். 1884 என்ற தரக்குறிப்புக்கு உட்பட்ட மின் ஹாரனோ அத்தகைய கருவியோ இருக்க வேண்டும் என்கிறது. அதை வண்டியில் பொருத்தும் முறைக்கு ஏ.ஐ.எஸ். 014 என்ற தனித் தரக்குறிப்பு இருக்கிறது. இரண்டாம் பகுதியில் இரண்டு தடைகள் உள்ளன: மாறி மாறிப் பல சுரங்களை எழுப்பும் ஹாரன் கூடாது, அளவுக்கு மீறிக் கரகரப்பான, கீச்சிடும், உரத்த, திடுக்கிட வைக்கும் ஒலியை எழுப்பும் கருவியும் கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் வாகனங்களுக்கு விலக்கு உண்டு.

இதிலிருந்து கார் உரிமையாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. ஹாரனை மாற்றுவது தன்னளவில் குற்றமில்லை. பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில், ஹாரனைப் பற்றிய குறிப்பு எதுவும் கிடையாது. பழுதான ஹாரனுக்குப் பதிலாகத் தரக்குறிப்புக்கு உட்பட்ட வேறொன்றைப் பொருத்தலாம். கேள்வி, புதிய ஹாரன் 119-ஆம் விதிக்குள் அடங்குகிறதா என்பது மட்டுமே.

2. தாழ்ந்த சுரம், உயர்ந்த சுரம் என இரண்டு ஹாரன்கள் ஒரே நேரத்தில் ஒலித்தால் அது பல சுர ஹாரன் ஆகாது. ஒன்றன்பின் ஒன்றாக மாறி ஒலிப்பதுதான் தடைக்குள் வருகிறது. பாட்டிசைக்கும் ஹாரன், நாய் குரைப்பது போன்றவை, சைரன் எல்லாம் இதில் அடங்கும்.

3. ஒலிக் கட்டுப்பாட்டுத் தரத்தை மீறும் வாகனத்தை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ஆம் பிரிவு பாயும். முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமத் தகுதி இழப்பு. வண்டியை ஓட்டியவர் மட்டுமல்லாமல், ஓட்ட அனுமதித்தவரும் இதில் சிக்குவார்.

4. சட்டப்படியான ஹாரனையே தேவையின்றியோ விடாமலோ அடித்தாலும், ஒலி எழுப்பக் கூடாது என்ற பலகை உள்ள இடத்தில் அடித்தாலும், அதே சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 194எஃப் பிரிவின்கீழ் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்தடுத்த முறைகளில் 2,000 ரூபாய்.

5. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க வழி செய்கின்றன. அமைதி மண்டலங்களில் எந்த நேரத்திலும், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலும், பொது அவசரநிலை தவிர ஹாரன் அடிக்கக் கூடாது என்பது பின்னர் சேர்க்கப்பட்ட விதி.

கடைசியாகச் சொன்னது மலை நகரங்களை மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தொடுகிறது. குன்னூரிலும் உதகையிலும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாலையை ஒட்டி, ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. நடைபாதை பல இடங்களில் கிடையாது. 7 மீட்டரில் 112 டெசிபல் என்றால் 2 மீட்டரில் ஏறத்தாழ 123. சாலையோரம் வரிசையாகப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், தேயிலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குக் காத்து நிற்பவருக்கும் 2 மீட்டர் இடைவெளிகூடக் கிடைப்பதில்லை. காதில் வலி தொடங்கும் எல்லை 120 டெசிபலை ஒட்டியே இருக்கிறது.

மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது

ஹாரன் சத்தம் போதவில்லை என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றில் ஹாரன் நோயுற்றிருக்கும், அவ்வளவுதான். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பகுதிகளையும் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பகுதிகளையும் நனைக்கின்றன. வண்டி எந்தப் பக்கம் ஓடினாலும் ஆண்டில் பல மாதங்கள் சேற்று நீரும் ஈரமும் கிரில்லுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். ஹாரனோ, பம்பருக்குப் பின்னால் அந்தச் சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

முதலில், இரண்டு ஹாரன்கள் உள்ள காரில் இரண்டும் ஒலிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று செத்துப்போய், மற்றது மட்டும் அடித்துக்கொண்டிருப்பதை உரிமையாளர் மாதக்கணக்கில் கவனிக்காமல் இருப்பது மிகச் சாதாரணம். சாகும் ஹாரன் தாழ்ந்த சுரத்தினுடையதாக இருந்தால், மலைக்கு வேண்டிய பாதியே போய்விட்டது என்று பொருள். பிறகு, இன்ஜின் ஓடும்போது ஹாரனை அழுத்தச் சொல்லி, ஹாரனின் கப்ளரில் (வயரைச் செருகும் இணைப்பில்) மின்னழுத்தத்தை மீட்டரால் பார்க்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயரிங் சரி. 11-க்குக் கீழே இறங்கினால் கப்ளரில் பச்சை பூத்திருக்கலாம், எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கலாம், ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சின்) தொடுமுனை கருகியிருக்கலாம். பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரைக் கொடுத்துப் பார்க்கையில் அதே ஹாரன் கணீரென்று ஒலித்தால் குற்றம் ஹாரனுடையது இல்லை. இந்த நிலையில் புது ஹாரன் வாங்கினாலும் அதுவும் அதே இளைத்த மின்சாரத்தில்தான் கத்த வேண்டியிருக்கும்.

நேர் மின்சாரத்திலும் குரல் கம்மியிருந்தால் தொடுமுனை தேய்ந்திருக்கும். முதுகுத் திருகைக் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தால் சில சமயம் குரல் திரும்பிவிடும்.

வயரிங்

ஒற்றை டிஸ்க் ஹாரன் உள்ள காரில் இரண்டு நத்தை ஹாரன்களைப் பொருத்துவதுதான் மலைப்பாதைக்கு ஏற்ற, சட்டத்துக்கும் உட்பட்ட மாற்றம். சத்தத்தைவிட, தாழ்ந்த சுரம் ஒன்று சேர்கிறது என்பதே இதன் பயன். ஆனால் மின்னோட்டம் கூடுகிறது. ஒரு ஹாரன் 3 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு சேர்ந்தால் 8, 10 வரை போகலாம். கார் கம்ப்ரசர் ஏர் ஹாரன் 15 ஆம்பியரையும் தாண்டும்.

கம்பெனி வயரும் ஃபியூஸும் அந்தந்தக் காரின் சொந்த ஹாரனுக்காக அளந்து போட்டவை. ஃபியூஸ் போய்விட்டால் அதைவிடப் பெரியதைச் செருகிவிடுவது பட்டறைகளில் காணும் கெட்ட பழக்கம். ஃபியூஸ் வயரைக் காப்பதற்காக இருக்கிறது. 10 ஆம்பியர் வயரில் 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஃபியூஸுக்கு முன்பே வயர் உருகிவிடும். அரை சதுர மில்லிமீட்டர் வயரில் இரண்டு மீட்டர் தூரத்துக்கு 15 ஆம்பியரை ஓடவிட்டால் வழியிலேயே ஒரு வோல்ட் காணாமல் போகிறது. அந்த ஒரு வோல்ட் முழுவதும் வயரைச் சுட வைக்கிறது.

முறையான வழி தனி ரிலே போடுவது. கம்பெனி ஹாரனுக்கு வந்துகொண்டிருந்த வயர், ரிலேயின் 86-ஆம் முனைக்குப் போக வேண்டும், 85 எர்த்துக்கு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்கு வெகு அருகில் 15 ஆம்பியர் ஃபியூஸைத் தாண்டி, 30-ஆம் முனைக்கு வர வேண்டும், 87-இலிருந்து ஹாரன்களுக்கு. பழைய வயர் இப்போது ரிலேயைத் தூண்டும் வேலையை மட்டும் செய்வதால் அரை ஆம்பியர்கூட அதில் ஓடாது. சில கார்களில் ஹாரன் பொத்தான் எர்த் பக்கத்தை இணைப்பதாக இருக்கும். அவற்றில் 85, 86 இணைப்பை அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பதை எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தபின் முடிவுசெய்வதே சரி. இப்போது வரும் பல கார்களில் ஹாரன் ரிலேயைக் கட்டுப்பாட்டுக் கணினி இயக்குகிறது; அதன் வெளியீட்டில் நேரடியாகப் பெரிய ஹாரனைத் தொங்கவிட்டால் கருகுவது சில நூறு ரூபாய்ப் பொருளாக இருக்காது. வயரை வெட்டாமல், பொருத்தமான கப்ளர் வாங்கி இணைப்பதே உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டிக்குப் பாதுகாப்பு. ஸ்டீயரிங்குக்குள் கை வைக்கவே கூடாது. ஹாரன் பொத்தானின் வயர் போகும் அதே சுருள் நாடாவில்தான் ஏர்பேக்கின் வயரும் போகிறது.

பொருத்தும்போது நத்தையின் வாய் முன்பக்கம் பார்த்துச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் ஒரே மழைக்காலத்தில் குழலுக்குள் தண்ணீர் தேங்கித் தகடு துருப்பிடித்துவிடும். ரேடியேட்டரின் காற்றுப் பாதையை மறைக்கும்படி வைப்பதும் தவறு. கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை தாழ்ந்த கியரில் ஏறும் இன்ஜினுக்கு அந்தக் காற்று முழுவதும் தேவை.

பெரிய வண்டிகளில் ஏர் ஹாரனுக்கு வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அவற்றின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. பிரேக்குக்கும் பிற துணைக் கருவிகளுக்கும் காற்றுப் பாதைகளைப் பிரித்துக் காக்கும் வால்வுகளைக் கம்பெனியே வைத்திருக்கிறது. அதற்கு வெளியே, கிடைத்த இடத்தில் குழாயை வெட்டி ஹாரனுக்கு இணைப்புக் கொடுத்தால், அந்த மூட்டில் ஏற்படும் கசிவு பிரேக் தொட்டியையே காலிசெய்யக்கூடும். மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கும் லாரிக்கு இதைவிட மோசமான கோளாறு வேறு இல்லை.

காட்டுச் சாலைகள்

முதுமலைக்குள் தொரப்பள்ளி முதல் தெப்பக்காடு வரையிலும், தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வரையிலும் செல்லும் சாலைகளில் மேலே சொன்ன கணக்குகள் தலைகீழாகின்றன. அங்கே சாலை பெரும்பாலும் தட்டையானது, கண்ணுக்குத் தெரிவதும் அதிகம். ஹாரன் தேவைப்படும் தருணம் அரிது. மனிதக் காது உணராத, 20 ஹெர்ட்ஸுக்கும் கீழான ஒலிகளால் யானைகள் கிலோமீட்டர் கணக்கான தூரத்துக்குச் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அவ்வளவு நுட்பமான காதுள்ள விலங்கின் அருகே ஹாரன் அடிப்பது அதை விலகிப் போகச் செய்யும் என்பது வெறும் நம்பிக்கை. குட்டியோடு இருக்கும் கூட்டமும் தனி ஆண் யானையும் ஒலி வந்த திசையை நோக்கித் திரும்புவதே அதிகம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவதைத் தடை செய்கிறது. சாலையில் நிற்கும் யானையை ஹாரன் அடித்து விரட்டுவது சீண்டல் இல்லை என்று வாதாடுவது கடினம். குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் சாலைக்கு வரும் காட்டுமாட்டுக்கும் இதுவே பொருந்தும். அது பெரும்பாலும் தானாகவே கடந்து போகும். மிரண்டால் மண்சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓட இடமில்லாமல் வண்டியின் மேல்தான் பாயும். இன்ஜினை ஓடவிட்டு, நல்ல இடைவெளி விட்டு, முகப்பு விளக்கைத் தாழ்த்தி நிற்பதே அங்கே பழகியவர்கள் செய்வது.

இரவில் மூக்கு வளைவுகளில் ஹாரனின் வேலையை வெளிச்சம் எடுத்துக்கொள்கிறது. எதிர் வண்டியின் விளக்கொளி மண்சுவரிலும் மரங்களிலும் முன்கூட்டியே படர்ந்து அதன் வரவைச் சொல்லிவிடும். உயர்ந்த ஒளியையும் தாழ்ந்த ஒளியையும் ஒருமுறை மாற்றிக் காட்டினால் போதும். இரவு 10 மணிக்குப் பிறகு ஊர்ப்பகுதியில் ஹாரன் கூடாது என்ற விதிக்கு இதனால் மலையில் நடைமுறைச் சிக்கல் அதிகம் வருவதில்லை. மூடுபனி இறங்கிய இரவுகளில் மட்டும் இந்த வெளிச்சம் உதவாது. அப்போது எந்த ஒளியும் சிதறிவிடும், வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஏற்கெனவே ஏர் ஹாரன் பொருத்திவிட்டவர்கள்

சோதனையில் அதிகாரி கேட்கும்போது பொத்தானை அமுக்காமல் இருந்துவிட்டால் போதும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. அளவுக்கு மீறி உரத்த கருவியைப் பொருத்தியிருப்பதையே 119-ஆம் விதி தடுக்கிறது, ஒலித்தால் மட்டும் குற்றம் என்று அது சொல்லவில்லை. சுவிட்ச் போட்டு இரண்டு ஹாரன்களையும் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் அதே காரணத்தால் செல்லாது. கழற்றும்போது குழலை மட்டும் எடுத்துவிட்டுக் கம்ப்ரசரையும் அதன் வயரையும் அப்படியே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. மின்சாரம் ஓடும் அந்த வயரின் நுனி ஈரத்தில் எங்காவது உரசினால் ஷார்ட் ஆகும். கம்ப்ரசர், ரிலே, பேட்டரியிலிருந்து வரும் தனி வயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கம்பெனி ஹாரனின் கப்ளரைச் சுத்தம் செய்து மீண்டும் செருகி, ஃபியூஸ் பெட்டி மூடியில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவுக்கே ஃபியூஸைத் திருப்பி மாற்ற வேண்டும்.